தண்ணி என்று எழுதிய வரி

பழைய வண்ணாரப்பேட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் நேற்று நல்லபடியாக முடிந்தது. மஸ்கட்டிலிருந்து மூன்று நாள் லீவில் நீ வந்து முகம் பார்த்துவிட்டுப் போனதே பெரிசு. இருந்து செய்ய முடியவில்லையே என்று மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதே.

என் நைனா கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருந்தார்கள். எண்பது வயசு இருக்கும் ஒரு அம்மா, நம்மிடம் சித்தாளாக இருந்தவங்க, படத்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. நம்ம திண்ணையில் சனிக்கிழமை சம்பளம் போடுவதை நீயும் பார்த்திருக்கிறாய். அஞ்சு மணிக்கே பெண்களை முதலில் கூப்பிடுவார். கொத்தனார், கம்பி கட்டுகிறவர் எல்லோரும் பிறகுதான். "அவங்க போய் அரிசி வாங்கி உலை வைக்கணும், நீ நில்லு" என்பார். வீடு கட்டச் சொன்னவர் பணம் தராத வாரம் உன் ஆயாவின் வளையல் அடகுக்குப் போகும், சனிக்கிழமை மட்டும் தள்ளிப் போகாது. அந்த அம்மா அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாங்க.

போனில் நீ கேட்டாய், "அப்பா, தாத்தா பத்தி ஒரு பக்கம் எழுதி அனுப்புப்பா, ஆபீசில் படத்துக்குக் கீழே மாட்டலாம்" என்று. எழுத உட்கார்ந்தேன். 1934ல் செய்யாறு பக்கம் பிறந்தார், 14 வயசில் ராயபுரத்துக்கு வந்தார், 1962ல் தனியாக வேலை எடுத்தார், 91 வயசு வரை சைட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். இதுவரை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தை என்னால் எழுத முடியாது.

அவர் தொழில் கற்றது சுண்ணாம்பில். தேக்கு உத்திரங்களின் மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். மெட்ராஸ் டெர்ரஸ் கூரை என்பது அதுதான். அப்புறம் சிமென்ட் காலம் வந்தது. சர்க்கார் பர்மிட் இல்லாமல் மூட்டை கிடைக்காது. 1982ல் கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தி, 1989ல்தான் முழுசாக எடுத்தார்கள். அதுவரை ஒரு வீட்டுக்கு பர்மிட் வாங்க அவர் ஆபீஸ் வாசலில் நின்ற நாட்களைச் சேர்த்தால் இன்னொரு வீடு கட்டியிருக்கலாம்.

சுண்ணாம்பிலிருந்து கம்பிக்கு வந்தவர் என்பதால் அவருக்கு உப்பைக் கண்டால் பயம். ராயபுரம் ஸ்டேஷன் வழியாகப் போகும்போதெல்லாம் காட்டுவார். "1856ல திறந்தது. இந்தச் சுவருக்குள்ள கம்பி கிடையாது. உப்பு பூத்தா பூச்சு உதிரும், திரும்பப் பூசிக்கலாம். கம்பியில உப்பு ஏறினா தளமே உதிரும்" என்பார். எந்த சைட்டுக்குப் போனாலும் கலவைக்கு வைத்திருக்கும் தண்ணீரைக் கையில் மொண்டு வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்புவார். லேசாகக் கரித்தாலும் லாரித் தண்ணீர்தான். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்று நீ படித்துவிட்டு வந்து சொன்னாயே, அந்த எண் அவருக்குத் தெரியாது. அவர் நாக்கு அதற்கு முன்னாலேயே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

2003ல் உனக்குப் பத்து வயசு. தெருவில் குடத்தை வரிசை வைத்து லாரிக்குக் காத்திருந்தது ஞாபகம் இருக்கும். புழல் ஏரி வறண்டு, குழாயில் தண்ணீர் நின்றுபோன பஞ்சம். அப்போது தண்டையார்பேட்டையில் டீச்சரம்மா வீடு நடந்துகொண்டிருந்தது. நைனாவுக்குக் கண் ஆபரேஷன், வெளியே வரக் கூடாது. தளம் போடும் பொறுப்பு என் கையில். விடிகாலை வர வேண்டிய தண்ணீர் லாரி பத்து மணிக்கும் வரவில்லை. ஆள் 22 பேர், மிஷின் வாடகைக்கு வந்து நிற்கிறது, பிரியாணி அண்டா அடுப்பில் ஏறிவிட்டது. சைட்டிலேயே போர் கிணறு இருந்தது. நானும் நைனா மாதிரி ஒரு வாய் விட்டுப் பார்த்தேன். கரித்தது பாப்பா. நன்றாகவே கரித்தது. தெரிந்துதான் மோட்டாரைப் போடச் சொன்னேன்.

உப்புத் தண்ணீர் உடனே காட்டிக் கொடுக்காது. 28 நாளில் தளம் கல்லு மாதிரி இருந்தது. தளத்தைத் தாங்கிய சென்ட்ரிங் பலகையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நைனாவே என் தோளில் தட்டினார். உள்ளே கம்பி துரு ஏறி, ஊதி, பக்கத்து கான்கிரீட்டைத் தள்ளித் தள்ளி வெடிக்க வைக்க பத்து வருஷம் ஆனது. 2013ல் ஒரு மதியம் அந்த வீட்டு படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு பாளம் கழன்று, தொட்டில் கட்டியிருந்த கொக்கிக்குப் பக்கத்தில் விழுந்தது. குழந்தை அந்த நேரம் டீச்சரம்மா மடியில் இருந்தது.

நைனா 79 வயசில் ஸ்டூல் மேல் ஏறி, கைத்தடியால் கூரை முழுக்கத் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், விட்டுப்போன இடத்தில் பொத்துப் பொத்தென்று கேட்கும். அன்றைக்குப் பாதி வீடு பொத்துப் பொத்தென்றுதான் கேட்டது. இறங்கி வந்து டீச்சரம்மாவிடம் சொன்னார்: "மணல் சரியில்லம்மா. வாங்கினது நான்தான். ஒட்டுப் போட்டா பக்கத்துல வெடிக்கும். முழுசா உடைச்சு வேற போட்டுத் தரேன்." மாதவரத்து மனையை விற்றது அதற்குத்தான். உன் காலேஜ் பீசுக்கு என்று நீ இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அவர்கள் இருந்த வாடகை வீட்டுக்கும் அந்தப் பணத்தில்தான் கொடுத்தார்.

அன்று ராத்திரி டிரங்கைத் திறந்து 2003 நோட்டை எடுத்தார். நான் கதவோரம் நின்றேன். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். நோட்டை மூடி உள்ளே வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் போனார்களே, டிவி முன்னால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர் என் பக்கம் திரும்பி, "நம்மால யாருக்கும் ஒண்ணும் ஆகல. சாமி காப்பாத்துச்சு" என்றார். நம்மால என்று சொன்னார். உன்னால என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

நீ அந்த வீட்டைப் போட்டோ எடுத்து காலேஜில் பிராஜெக்ட் செய்தாய். காரணம், மணலில் கடல் மணல் கலப்பு என்று எழுதினாய். இதே கூடத்தில் அதைப் படித்துக் காட்டி, "தாத்தா, நீங்க மணலை டெஸ்ட் பண்ணியிருக்கணும்" என்றாய். அவர் உன் தலையைத் தடவி, "ஆமா கண்ணு, தப்புதான்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நேற்று எல்லோரும் போன பிறகு அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்குக் கண் ஆபரேஷனுக்குப் போகும் முன்னால் எனக்காகவே தலைப்புப் போட்டு வைத்திருக்கிறார். சிமென்ட், ஜல்லி, மணல், ஆள், சாப்பாடு. எல்லாவற்றுக்கும் எதிரே என் கையெழுத்தில் எண் இருக்கிறது. "தண்ணி, லாரி" என்ற வரிக்கு எதிரே ஒன்றும் இல்லை.

அந்தப் பக்கத்தை அம்மா போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். உன் பிராஜெக்டில் மணல் என்று எழுதிய இடத்தில் கலவைத் தண்ணீர் என்று திருத்திவிடு. பெயர் போட இடம் இருந்தால் என் பெயரைப் போடு. நாளைக் காலையில் நான் தண்டையார்பேட்டைக்குப் போய் டீச்சரம்மாவிடமும் சொல்லப் போகிறேன். படத்துக்குக் கீழே மாட்டும் பக்கத்தை, இதெல்லாம் தெரிந்த பிறகு, நீயே எழுது.

அப்பா