தராசுக்குப் பக்கத்தில் இருந்தவன்

பட்டர்வொர்த்
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கூட்டாளி,

உன் குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். நம் மலேசியாவுக்கு அரிசி இறக்குமதி செய்யும் ஒரே நிறுவனமான பெர்னாஸைத் திட்ட ஆரம்பித்தால் உனக்கு மூச்சே வாங்குவதில்லை. பதில் பேசினால் அரை மணி நேரம் ஆகும், பாதியில் உன் கடைக்கு ஆள் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் படிக்க உனக்குச் சிரமம். பேத்திதான் இதைத் தட்டித் தருகிறாள். கெட்ட வார்த்தைகளை அவளே எடுத்துவிட்டாள்.

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. உன் தங்கச்சி காலையில் நடக்கச் சொல்கிறாள். நடந்து போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஒரே நாளில் 3,200க்கு ஏறியது. பத்துக் கிலோ 26 வெள்ளிக்கு விற்ற உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது. வாழை இலைச் சாப்பாட்டுக்கு விலை ஏற்றினால் வாடிக்கையாளர் முறைக்கிறார் என்று அன்றைக்கு நீ புலம்பினாய். இந்தியா ஜூலையில் வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டதும், ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி போட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் வாசல் ஒன்றே ஒன்று என்பதால்தான் அந்த அடி நேராக உன் பானையில் விழுந்தது என்கிறாய். அது பொய்யில்லை. 1996இல் தனியாருக்குக் கொடுத்த இறக்குமதி உரிமையை நீட்டி நீட்டி 2031 வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

"ஒரே ஆள் வியாபாரத்தை ஒழி, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாயே, அங்கேதான் நான் தயங்கி நிற்கிறேன்.

சென்ற ஆண்டு மகளைப் பார்க்க கனடாவின் சாஸ்கடூன் போனேன் அல்லவா? மருமகன் அறுவடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். ஒருநாள் கூடவே கூட்டிக்கொண்டு போனான். பெட்ரோல் நிலையத்தோடு ஒட்டிய கோப்பிக் கடை. மண் ஒட்டிய சப்பாத்தோடு இரண்டு கிழவர்கள், ஒருவர் தொப்பிக்காரர், ஒருவர் தாடிக்காரர், கனடா கோதுமை வாரியத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமன் மச்சானாம். வாரியம் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தச் சண்டை தீரவில்லை. பெர்னாஸைப் பற்றி நீ பேசுவது போலவே இருந்தது, உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரியம் 1935இல் வந்தது. 1943இலிருந்து அந்தப் பக்கத்துச் சமவெளி விவசாயிகள் கோதுமையை அதனிடம்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம். கொடுத்த அன்று ஒரு முன்பணம். ஆண்டு முழுக்க உலகச் சந்தையில் விற்று, செலவு போக, எல்லாருக்கும் ஒரே சராசரியில் மீதி. 1998 சட்டத்துக்குப் பிறகு அதன் 15 இயக்குநர்களில் 10 பேரை விவசாயிகளே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இதைக் கவனி கூட்டாளி. பெர்னாஸ் வெளியிலிருந்து வாங்கி உனக்கு விற்கிறது. அந்த வாரியமோ விவசாயிகள் சேர்ந்து வெளியே விற்றது. இரண்டுக்கும் ஏகபோகம் என்றே பெயர் வைத்துவிடுகிறோம்.

தொப்பிக்காரர் வாரியத்துக்கு எதிரி. "என் நிலம், என் விதை, என் கடன். விற்பதற்கு மட்டும் வின்னிபெக்கில் உட்கார்ந்திருக்கும் வாரியத்திடம் அனுமதியா? கிழக்கே ஒண்டாரியோ மாநிலத்துக்காரனுக்கு இந்தச் சட்டம் கிடையாது, எங்களுக்கு மட்டும் எதற்கு?" என்றார். எல்லை தாண்டி அமெரிக்காவில் தானியம் விற்று, அபராதம் கட்ட மறுத்து, 2002இல் 13 ஆல்பர்ட்டா விவசாயிகள் ஜெயிலுக்குப் போனார்கள். சொந்தத் தானியத்தை விற்றதற்கு ஜெயில்! அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கமறியது. 2012 ஆகஸ்ட் 1இல் கட்டாயம் நீங்கியது. அன்றே பிரதமர் ஹார்ப்பர் அந்த விவசாயிகளுக்கு மன்னிப்பும் அறிவித்தார்.

தாடிக்காரர் மெதுவாகப் பேசினார். 2011இல் வாரியமே தபால் ஓட்டு நடத்தியது. கோதுமைக்காரர்களில் 62 விழுக்காடு வாரியம் வேண்டும் என்றார்கள், பார்லிக்காரர்களில் 51. அரசாங்கம் காதில் வாங்கவில்லை. விவசாயிகளைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என ஒரு நீதிபதி டிசம்பரில் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் அதுவும் கவிழ்ந்தது. 2015இல் வாரியத்தின் 50.1 விழுக்காட்டைப் பன்ஜ் என்ற பன்னாட்டுத் தானிய நிறுவனமும் சவுதி அரசின் விவசாய முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து எடுத்துக்கொண்டன. "எங்களுடையது என்று நினைத்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கோப்பியைக் கலக்கினார்.

அடுத்தது ரயில் சண்டை. 2013இல் அதுவரை காணாத விளைச்சல். தானியத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் பெட்டி கிடைக்கவில்லை. கிடங்குகள் நிறைந்து வயலிலேயே குவித்தார்கள். 2014 மார்ச்சில் ஒட்டாவா அரசாங்கம் தலையிட்டு, இரண்டு ரயில் நிறுவனங்களும் வாரத்துக்கு ஆளுக்கு 5 லட்சம் டன் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டது. வாரியம் இருந்திருந்தால் பெட்டிகளை ஒழுங்காகப் பங்கிட்டிருக்கும் என்கிறார் தாடி. அந்த விளைச்சலையும் அந்தக் குளிரையும் எந்த வாரியமும் தாங்கியிருக்காது என்கிறார் தொப்பி. என்னைக் கேட்டால் இருவர் பக்கமும் பாதி பாதி. ஆனால் நெருக்கடி வந்ததும் தொப்பிக்காரரும் அரசாங்கத்தைத்தான் கூப்பிட்டார், அதை ஒப்புக்கொள்ளத்தான் மனசில்லை.

  

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது.

மருமகன் ஒரு தானியக் கிடங்குக்குக் கூட்டிப்போனான். லாரி எடை மேடையில் ஏறியது. மேலிருந்து ஒரு குழாய் இறங்கித் தானியத்தை உறிஞ்சியது. நம் ஆலையில் குத்தூசி போட்டு எடுப்போமே, அதேதான். ஈரம் பார்த்தார்கள், தூசி பதருக்கு ஒரு கழிவு எழுதினார்கள். அதற்கு அவர்கள் வார்த்தை டாக்கேஜ். நம்முடையது பொத்தோங்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. உனக்குத் தெரியும், நான் பதினேழு வருடம் ஓர் அரிசி ஆலையில் தராசுக்குப் பக்கத்தில் இருந்தவன். பெனாகா கிராமத்திலிருந்து நெல் கொண்டுவருகிறவர், நூறு கிலோ என்றால் சில நாள் எண்பதுக்குத்தான் காசு வாங்கிப் போவார். ஈரம் என்போம், பதர் என்போம். ஈரம் இருந்தது உண்மை. ஆனால் எத்தனை கிலோ கழிப்பது என்பதைக் கருவி சொல்லவில்லை, மேலாளர் சொன்னார், நான் எழுதினேன். ஒரு மலாய்க்காரப் பெரியவர், ஒவ்வொரு பருவமும் சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் போவார். ஒரே ஒரு தடவை, "உன் கை கனமாக இருக்கிறது தம்பி" என்றார் மலாயில். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

கனடாவில் அந்த விவசாயி ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாதிரியை அரசாங்கத் தானிய ஆணையத்துக்கு அனுப்பச் சொல்லலாம், அவர்கள் சொல்வதே முடிவு, கிடங்கும் கட்டுப்பட வேண்டும் என்றார்கள். வாரியம் போன பிறகும் அது இருக்கிறது. தாடிக்கும் தொப்பிக்கும் அதில் மட்டும் சண்டையே இல்லை.

ஆகவே பெர்னாஸின் உரிமையை உடை, நான் குறுக்கே படுக்கமாட்டேன். ஆனால் இன்றைக்கு நாட்டின் அரிசிக் கையிருப்பை வைத்திருப்பதும், யாரும் வாங்காத நெல்லைக் கடைசி ஆளாக வாங்க வேண்டியதும் அந்த நிறுவனம்தான். அந்த வேலை யாருக்குப் போகும் என்று முதலில் சொல். 2025 ஜனவரியில் கெடா மாநில விவசாயிகள் தெருவுக்கு வந்து ஒரு டன் நெல்லுக்கு 1,800 வெள்ளி கேட்டார்கள். அரசாங்கம் அடிப்படை விலையை 1,300இலிருந்து 1,500க்கு ஏற்றியது. நல்லதுதான். தராசில் நூற்றுக்கு இருபது போனால் அந்த 1,500 கைக்கு வரும்போது 1,200. பத்து வியாபாரிகள் வந்தாலும், பத்துப் பேரிடமும் என்னைப் போல் ஒருவன் உட்கார்ந்திருப்பான்.

அடுத்த மாதம் கோலாலம்பூர் வருகிறேன், கடையில் வைத்துத் திட்டு. பொன்னி அரிசிச் சோறு போடு, விலை கேட்கமாட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு நாள் பெனாகா பக்கம் போய்வரலாம் என்றிருக்கிறேன். அந்தப் பெரியவர் இருக்கமாட்டார். மகன் வயலைப் பார்க்கிறான் என்று கேள்வி. முட்டி விட்டால் போவேன்.

உன்
கூட்டாளி