வேட்டைத் துவக்கின் விலையும் வேலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான் வேட்டைக் காலத்தையொட்டி உங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையில், கனடாவில் வாழும் நம்மவர்கள் சிலர் இரண்டாயிரம், மூவாயிரம் டொலர் கொடுத்து ஐரோப்பியத் துவக்குகளை வாங்குவது பகட்டுக்காகவே என்றும், 600 டொலர்த் துவக்கும் அதே மானைத்தான் வீழ்த்தும் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். அந்தச் சிலரில் நானும் ஒருவன். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை அவரைவிட அழுத்தமாகவே நான் ஒப்புக்கொள்வேன். மற்றப் பாதி அவருடைய கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், துவக்கைச் சுடும் கருவியாக மட்டுமே அவர் பார்த்தது என்று நினைக்கிறேன்.

என்னிடமிருப்பது பின்லாந்தின் ரீஹிமாக்கி நகரில் செய்யப்பட்ட சாக்கோ 85 ஹண்டர். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான குழல், தோளில் பதியும், எண்ணெய் பூசிய வால்நட் மரப் பிடங்கு, குழலின் பின்வாயை அடைத்து நிற்கும், ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட். 2006இல் அறிமுகமான இந்த மாதிரியின் இடத்துக்கு 2023இல் சாக்கோ 90 வந்துவிட்டதால், இனி 85 வேண்டுமென்பவர் கடையின் பழைய கையிருப்பையோ வேறொருவர் பாவித்ததையோதான் தேட வேண்டும். நான் 2014இல் வாங்கினேன். மேலே பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சேர்க்காமலே 2,000 டொலரைத் தாண்டியது. அந்தக் காசில் வீட்டுக் கூரையின் ஒரு பக்கத்தையாவது மாற்றியிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்வதுண்டு; கூரை இன்னும் ஒழுகவில்லை என்பதே இன்றும் என் பதில்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 100 மீற்றரில் ஐந்து வெடிகள் 29 மில்லிமீற்றர் அகலத்துக்குள் விழும் என்பது சாக்கோ தரும் உறுதி. காற்றில்லாத காலையும் மணல் மூட்டைத் தாங்கலும் நல்ல தோட்டாவும் வாய்த்தால் என் துவக்கு அந்த உறுதியைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒன்ராறியோக் காடு அவ்வளவு துல்லியத்தை நம்மிடம் கேட்பதேயில்லை. பாங்க்ரொஃப்ட் பக்கத்து மேப்பிள், ஹெம்லொக் காடுகளில் ஒன்பது வேட்டைக் காலங்களில் நான் வீழ்த்திய ஏழு மான்களில் ஆறு 80 யாருக்குள் நின்றவை; ஒன்று மட்டும், மரம் வெட்டிய வெளியின் மறுகரையில், 160 யாரில் நின்றது. வெள்ளைவால் மானின் நெஞ்சறை ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. 100 யாரில் மூன்று அங்குலத்துக்குள் சுடும் எந்தத் துவக்கும் அந்த வேலைக்குப் போதும்; இன்று விற்பனையிலுள்ள மலிவான துவக்குகள் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே சுடுகின்றன.

என்னைப் போன்றவர்களுக்கு இன்னும் சங்கடமான உண்மை ஒன்றுண்டு. ஏறத்தாழப் பாதி விலைக்குக் கிடைக்கும் டிக்கா துவக்குகளும் அதே ரீஹிமாக்கித் தொழிற்சாலையில்தான் செய்யப்படுகின்றன. அவற்றின் குழல்களும், சன்னத்தைச் சுழலவைக்கும் உள்வரிகளின் அச்சைத் தாங்கிய கடினமான தண்டைக் குழாய்க்குள் செருகி வெளியிலிருந்து சம்மட்டிகளால் அடித்து உருவாக்கும் அதே முறையில்தான் உருவாகின்றன. கனடாவின் வடபகுதியைக் காவல் செய்யும் கனேடிய ரேஞ்சர்களின் கதை இதற்கு நல்ல சான்று. இலங்கையில் நம் ஊரில் பொலிஸ்காரர் தோளில் பார்த்துப் பயந்து வளர்ந்தோமே, அந்த 303 லீ என்பீல்ட் இனத்துத் துவக்கைத்தான் அவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலம் முதல் அண்மைவரை பாவித்தார்கள். அதற்கு மாற்றாக வந்த சி19, டிக்காவை அடிப்படையாகக் கொண்டு, சாக்கோவின் உரிமத்தின்கீழ் இங்கே கிச்சனர் நகரிலேயே செய்யப்பட்டது. துருவக் குளிருக்கும் வெண்கரடிக்கும் டிக்கா போதும் என்று அரசாங்கமே முடிவு செய்திருக்கையில், பாங்க்ரொஃப்ட் மானுக்கு அது போதாது என்று நான் வாதாடினால் சிரிப்பார்கள்.

அப்படியானால் கூடுதலாகக் கொடுத்த ஆயிரம் டொலர் எங்கே போனது? இதற்கு விடை காண எனக்கே மூன்று நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஒன்பது காலங்களில் அந்தத் துவக்கால் காட்டில் நான் வைத்த வெடிகள் எட்டு. அதே காலத்தில் அதற்குள் தோட்டா ஏற்றி இறக்கியது நூற்றுக்கணக்கான தடவைகள். சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து மறைவுக்கு அரை மணி நேரம் பின்வரைதான் இங்கே வேட்டைக்கு அனுமதி. அதற்கு வெளியே துவக்கு வெறுமையாக உறைக்குள் இருக்க வேண்டும். பரணில் ஏறும்போது வெறுமையாக்க வேண்டும். இறங்கும்போதும், வேலி தாண்டும்போதும், வாகனத்தில் ஏறும் முன்னரும் அப்படியே. ஒரு நாளில் ஐந்தாறு தடவை, விறைத்த விரல்களோடு, பெரும்பாலும் அரையிருட்டில், குழலின் அறையிலிருக்கும் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. வேட்டைக்காரன் தவறு செய்யக்கூடிய கணங்கள் மானைக் கண்ட கணங்களைவிட இவைதாம் அதிகம்.

சாக்கோவில் பாதுகாப்புப் பூட்டைப் போட்டால் விசையோடு போல்டும் பூட்டப்படும். புதருக்குள் நடக்கையில் கொப்பு தட்டிக் கைபிடி உயர்ந்துவிடாது. ஆனால் பூட்டுக்கு முன்னால் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பாதுகாப்புப் பூட்டை எடுக்காமலே போல்டைத் திறந்து தோட்டாவை இறக்கலாம். டிக்காவில் அதே வேலைக்கு முதலில் பூட்டை எடுத்தாக வேண்டும். மலிவான சில துவக்குகளில் பூட்டுப் போட்டபடியே போல்டைத் திறக்க முடியும், உண்மைதான். ஆனால் அவற்றில் போல்ட் ஒருபோதும் பூட்டப்படுவதேயில்லை. இரண்டையும் ஒருசேரத் தருவது அந்தச் சின்னப் பொத்தான். கடையில் வாங்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை, மரத்தின் ரேகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டாக்களை அடுக்கும் மகசினும் அப்படித்தான். அதை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே தாழை அழுத்தினால்தான் கழன்று வரும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. பிறகொருநாள், எங்களோடு வந்த நண்பர் ஒருவரின் துவக்கிலிருந்து மகசின் எங்கோ தட்டுப்பட்டுக் கழன்று, முழங்கால் ஆழப் பனியில் விழுந்து, மூன்று பேர் ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காமல் போனபோது அந்த எரிச்சல் போய்விட்டது.

போல்டைப் பற்றி எழுதத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். 1898இல் ஜேர்மன் துவக்குத் தயாரிப்பாளரான மவுசர் வகுத்துக் கொடுத்த அமைப்பில், முன்னால் இரண்டு பூட்டுப் பற்கள், கைபிடி ஏறத்தாழ 90 பாகை உயர வேண்டும். சாக்கோவில் பற்கள் மூன்று, உயர்வு 70 பாகை. இருபது பாகையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம்; தொலைநோக்கியின் கண்பகுதிக்கும் கைபிடிக்கும் நடுவே தடித்த கையுறை அணிந்த கை நுழையும் இடம் அதில்தான் இருக்கிறது. -12 பாகை செல்சியஸ் குளிர்க் காலையொன்றில் போல்டைத் தள்ளியபோது எழுந்த ஓசை, பரணுக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்த பெண்மானைத் தலைநிமிர வைக்கவில்லை. அது துவக்கின் சிறப்பா மானின் பசியா என்று சத்தியம் செய்ய மாட்டேன். இயக்கம் மென்மையாக இருப்பதன் பயன் வேறு: எங்கேனும் ஒரு தடக்கம் ஏற்பட்டால் உடனே கை அறிந்துவிடுகிறது. தோட்டா சரியாக ஏறியதா, வெற்றுக் கோது வெளியே போனதா என்பதை இருட்டில் கண்ணால் அல்ல, விரலால்தான் தெரிந்துகொள்கிறேன்.

குறைகளும் உண்டு. தொலைநோக்கியோடு சேர்த்தால் நிறை 4 கிலோவை நெருங்குகிறது. நாள் முழுதும் தோளில் தொங்கவிட்டு நடப்பவருக்கு டிக்காவே இலகு. தொலைநோக்கியைப் பொருத்தும் தண்டவாளம் துவக்கின் உடலிலேயே ஒரு முனை நோக்கி ஒடுங்கும்படி செதுக்கப்பட்டிருப்பதால், பின்னுதைப்பு அதைத் தளர்த்தாமல் இறுக்கவே செய்யும் என்பது நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கென்றே செய்த வளையங்களைத் தனியாக வாங்க வேண்டும், அவையும் மலிவல்ல. மரப் பிடங்கு ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். குழல் பிடங்கைத் தொடாமல் நிற்கிறதா என்பதைப் பார்க்க, ஒவ்வோர் ஒக்ரோபரிலும் இரண்டுக்கும் நடுவே ஒரு கடதாசித் துண்டை இழுத்துப் பார்க்கிறேன்.

ஏழு மான்களுக்குப் போனது போக மிஞ்சிய அந்த எட்டாவது வெடியின் கதையையும் மறைக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டு, பீவர் குளத்தின் அக்கரையில் 140 யார் தூரத்தில் ஒரு நல்ல கலைமான் பக்கவாட்டில் அசையாமல் நின்றது. சுட்டேன், அதன் வயிற்றுக்குக் கீழே மண் தெறித்தது. துவக்கைத் திட்டிக்கொண்டே பயிற்சித் திடலுக்குப் போய்ப் பார்த்தால், 100 யாரிலேயே ஏழு அங்குலம் கீழே அடித்தது. தொலைநோக்கி வளையங்களுக்குள் முன்னே நழுவியிருந்தது. கோடையில் அதைக் கழற்றி மாட்டிய நானே வளையங்களின் உள்ளுறையை எண்ணெய்த் துணியால் துடைத்து, திருகாணிகளைக் கைக்கணக்கில் இறுக்கி, குறி பார்க்காமலே காட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். எத்தனை ஆயிரம் டொலர்த் துவக்கானாலும் அதைத் தடுத்திருக்காது. இறுக்க அளவு காட்டும் திருப்புளி ஒன்று 60 டொலருக்குக் கிடைத்தது.

அதன் பிறகு நவம்பருக்கு முன் குறைந்தது இரண்டு பெட்டித் தோட்டாக்களைச் சுட்டுத் தீர்க்காமல் நான் காட்டுக்குள் போவதில்லை. முற்றாகத் துப்புரவாக்கிய குழலின் முதல் வெடி, அழுக்கேறிய குழலின் வெடியோடு ஒரே இடத்தில் விழாமல் போகலாம். இது பல குழல்களில் காணப்படுவதுதான். காட்டில் எனக்குக் கிடைப்பதோ குளிர்ந்த குழலிலிருந்து ஒரே வெடி. எனவே குறி சீராக்கிய பின் குழலைக் கழுவாமலே கொண்டுபோகிறேன். போல்டின் உள்ளிருக்கும் எண்ணெயை மட்டும் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். குளிரில் அது கூழாகிச் சுத்தியலூசியின் வேகத்தைக் குறைக்கும். மாலையில் முகாமுக்குத் திரும்பியதும் உறையைத் திறக்காமல் சில மணி நேரம் விட்டுவைப்பதும் அவசியம். குளிர்ந்த இரும்பின் மீது சூடான அறையின் ஈரம் முத்துமுத்தாகப் படிந்துவிடும். இறைச்சி பிள்ளைகளின் தட்டுக்குப் போகிறது என்பதால் ஈயச் சன்னத்தை விட்டு முழுச் செப்புச் சன்னத்துக்கு மாறியபோது, விழும் இடம் மாறிவிட்டது. குறியைப் புதிதாகச் சீராக்க வேண்டியிருந்தது.

வன்னியில், நெடுங்கேணியில் என் தகப்பனாரிடம் ஓர் இடியன், அதாவது குழலின் வாய்வழியே நிரப்பும் நாட்டுத் துவக்கு, இருந்தது. மருந்தும் தும்பும் ஈயமும் இடித்து நிரப்ப ஒரு சுருட்டுப் பிடிக்கும் நேரம் ஆகும். ஒரு வெடி தவறினால் அன்றைய வேட்டை முடிந்தது. அதனால் இருபது அடிக்குள் போகாமல் அவர் விசையைத் தொட மாட்டார். போர்க்காலத்தில் வளர்ந்த என் மனைவிக்குத் துவக்கு என்றால் வேறு நினைவுகள். வீட்டுக்குள் அதை வைக்க அவர் சம்மதித்தது ஒரு நிபந்தனையோடுதான்: போல்ட் தனியே, துவக்கு தனியே. இந்நாட்டுச் சட்டமும் வீட்டில் துவக்கை வெறுமையாக வைத்து, விசைப்பூட்டுப் போடவோ, போல்டைக் கழற்றிவிடவோ, பூட்டிய பெட்டிக்குள் வைக்கவோ சொல்கிறது. நான் போல்டைக் கழற்றி, துவக்கைப் பெட்டியிலும் வைத்துப் பூட்டுகிறேன். போல்ட் இருக்கும் இழுப்பறையின் திறப்பு மனைவியிடம் இருக்கிறது. இந்த வகைத் துவக்கில் போல்டைக் கழற்றுவது ஒரு நொடி வேலை என்பதும் நான் இதைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டு 3,000 டொலரைக் கையில் வைத்துக்கொண்டு ஆலோசனை கேட்கும் இளைஞர்களிடம், கட்டுரையாளர் சொன்னதையே நானும் சொல்கிறேன்: சாக்கோவை இப்போது வாங்காதீர்கள். அந்தி வெளிச்சத்தில் மான் தெரிவதும் தெரியாததும் தொலைநோக்கியின் கண்ணாடியைப் பொறுத்தது. காசில் பெரும்பங்கை அதில் போடுங்கள். மிச்சத்தைத் தோட்டாவாக்கிச் சுட்டுப் பழகுங்கள். தென் ஒன்ராறியோவின் பல வேளாண் பகுதிகளில் மான் வேட்டைக்கு ரைபிளே அனுமதியில்லை என்பதையும், நீங்கள் போகப்போகும் பகுதிக்கு எந்தத் துவக்கு ஏற்றது என்பதையும் வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். ஐந்தாறு காலம் ஏற்றி இறக்கிய பிறகு எந்த இடத்தில் உங்கள் கை தடுமாறுகிறது என்று தெரியும். அப்போது வாங்கும் துவக்கு பகட்டாக இருக்காது.

என் மகனுக்கு இவ்வாண்டு பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. இந்த மாகாணத்தின் வேட்டைப் பழகுநர் திட்டத்தில் சேர்ந்திருக்கிறான். அந்தத் திட்டத்தின்படி அவனும் நானும் ஒரே துவக்கைத்தான் பகிர்ந்துகொள்ள வேண்டும். அவன் என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சாக்கோவை அவன் தோளில் வைத்துப் பார்த்தோம். பிடங்கு நீளம், கண் தொலைநோக்கிக்கு எட்டவில்லை. வால்நட் மரத்தை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பிடங்கின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிக்கா ஒன்றை, அதே .308இல், வாங்கியிருக்கிறோம். வரும் நவம்பரில் பரணுக்கு வரப்போவது அதுதான். அதில் அந்தச் சின்னப் பொத்தான் இல்லை. பூட்டை எடுத்தபின் குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை, வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களை வைத்து நிலவறையில் அவனுக்குத் தினமும் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஸ்காபரோ