முகக் களிம்புக்குத் தமிழில் எச்சரிக்கை

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில், முகப் பொலிவுக்காக ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைப் பூசுவதன் கேடுகளைத் தோல் மருத்துவர் ஒருவர் விளக்கியிருந்ததைப் படித்தேன். பயனுள்ள அறிவுரைதான், ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் மருந்துக்கடை மேசை. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-இல் அறிவித்த பிறகும், ‘மங்குக்கு ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்பவரிடம் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் சேர்ந்த களிம்பைக் கேள்வியின்றி எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நின்றபாடில்லை. குறுகிய காலம், மருத்துவரின் கண்காணிப்பில் பூச வேண்டிய மருந்து இது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருக்கள் கிளம்பும்.

எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் இப்படி வாங்கிப் பூசி, நிறுத்தியதும் முகம் சிவந்து எரிந்ததால், மீண்டும் அதையே பூசி வந்தார். அவர் வைத்திருந்த குழாயில் எச்சரிக்கை இல்லாமலில்லை. மடிப்பின் ஓரத்தில், மூக்குக்கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமமான ஆங்கில எழுத்துகளில் இருந்தது. (பளபளக்கும் பெண் முகம் மட்டும் அட்டைப்பெட்டியில் பெரிதாகவே இருந்தது.) எனவே, இக்களிம்புகளின் உறையில் ‘இதில் ஸ்டீராய்டு உள்ளது, மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்’ என அந்தந்த மாநில மொழியில் பெரிய எழுத்தில் அச்சிடுவதை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும், அதுவரை, இதே வாசகத்தை ஒவ்வொரு மருந்துக்கடையிலும் தமிழில் எழுதி வைக்கும்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிடலாம்.

வாசகர் ஒருவர், திருச்சி