பெட்போர்டு பஸ்ஸின் ஹெட்லைட்டுக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள், பழைய டிரைவர் அண்ணன்மார் அனைவருக்கும் வணக்கம்.

மரச்சட்டத்தில் பாடி கட்டிய எங்கள் பழைய 12 வோல்ட் பெட்போர்டு பஸ்ஸில் இப்போது இரண்டு ஹெட்லைட்டும் எரிகின்றன. யார் எதைத் தந்தார்கள், எது எப்படிச் சரியானது என்று விவரமாக எழுதினால்தான் இந்த நன்றி முழுசாகும். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி, உக்கடத்தில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு. "ஹெட்லைட் வேணும்னு கேட்டுட்டுத் திரியாதீங்க. டோம் வேணுமா, கிண்ணம் வேணுமா, ரிம் வேணுமா, அதைச் சொல்லுங்க" என்றார். அதன்பின் தேடலே மாறிப்போனது. கண்ணாடியும் ரிப்ளெக்டரும் சேர்ந்த டோம் 7 அங்குலம், அதாவது 178 மி.மீ. அம்பாசிடர், மகிந்திரா ஜீப், புல்லட் எல்லாவற்றுக்கும் இதே விட்டம்தான். ஆகவே டோம் கிடைத்துவிடும். கிடைக்காதவை வெளி ரிம்மும், பின்னால் நிற்கும் கிண்ணமும், பல்பைப் பிடிக்கும் ஹோல்டரும்தான். கிண்ணத்தின் ஆழம் வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆழம் குறைந்தால் ஹோல்டர் பின்தகட்டில் இடிக்கும். அளவு எடுத்துக்கொண்டு போகாமல் வாங்காதீர்கள்.

டோமிலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் கண்ணாடிகளில் பல, வலப்பக்கம் வண்டி ஓடும் நாடுகளுக்கானவை. டிம் போட்டால் ஒளி வலப்பக்கம் ஏறி எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஐரோப்பிய முத்திரையுள்ள கண்ணாடியில் வட்டத்துக்குள் இருக்கும் ஆங்கில ஈ (E) எழுத்துக்கு அருகே அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். எதிரே நின்று பார்க்கிறவருக்கு வலது பக்கம் காட்டும் அம்பு இருந்தால் அது நம் சாலைக்கானது. இருபுறமும் காட்டினால் இரண்டுக்கும் பொதுவானது. அம்பே இல்லையென்றால் தொட வேண்டாம். இதைச் சொல்லிக்கொடுத்த ஈரோட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு நன்றி. தபாலில் வந்த ஒரு ஜோடி டோமை அவர் பெட்டியைத் திறந்த மாத்திரத்திலேயே ஒதுக்கிவிட்டார். பணம் வாங்கிய கடை அந்த ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

பல்பும் அவர் தேடித் தந்ததுதான். பழைய பிரிட்டிஷ் ஹோல்டருக்கு 36 மி.மீ. விளிம்புள்ள பல்பு. பிற்கால டோம்களுக்கு 45 மி.மீ., ஹாலஜன் எச்4-க்கு 43 மி.மீ. ஒன்றின் ஹோல்டரில் மற்றொன்றை ராவி நுழைத்தால் பல்பு எரியும், ஆனால் இழை தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கும். வெளிச்சம் சாலையில் விழாமல் மரத்தில் விழும். 100/90 வாட் (பிரைட் 100, டிம் 90) பல்பு போட்டால் ஒவ்வொன்றும் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துணி சுற்றிய பழைய வயரும் கால் சுவிட்சும் அதைத் தாங்காது. 50/40 வாட்டே போதும்.

வெளி ரிம்முக்குத்தான் மெனக்கெட வேண்டியிருந்தது. இருந்த ஒன்றும் துருவேறி உதிரத் தொடங்கியிருந்தது. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். குடமும் அண்டாவும் அடிக்கிற ஊர் அது. வளைவு என்றால் அவர்கள் கைக்குத் தெரியும். பழைய ரிம்மின் வளைவை அட்டையில் வெட்டிக் கொடுத்தோம். அவர்கள் மரத்தில் அச்சுக் கட்டை கடைந்து, லேத்தில் மாட்டி, 22 கேஜ் பித்தளைத் தகட்டை அதன்மேல் அழுத்தி இழுத்தார்கள். முதல் ரிம் உதட்டு மடிப்பில் விரிசல் விட்டது. அழுத்த அழுத்தப் பித்தளை விறைத்துவிடும் என்பதே காரணம். அடுத்ததைப் பாதி வேலையில் கழற்றி, மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டு, மறுபடி ஏற்றினார்கள், விரிசல் இல்லை. மொத்தம் மூன்று ரிம் தேறியது. கோவை முலாம் பட்டறையில் முதலில் நிக்கல், அதன்மேல் குரோம் ஏற்றித் தந்தார்கள்.

ரிம்முக்குக் குரோம் சரி, ரிப்ளெக்டருக்கு ஆகாது. பளபளப்பாகத் தெரிந்தாலும் விழும் ஒளியில் நூற்றுக்கு 65-க்கு மேல் அது திருப்பித் தராது. பழைய ரிப்ளெக்டர் பித்தளையில் வெள்ளி பூசியது. கறுத்திருந்தால் வெள்ளிப் பாத்திரம் போல விபூதி போட்டுத் தேய்க்கத் தோன்றும், செய்யாதீர்கள். மெல்லிய பூச்சு, இரண்டு தேய்ப்பில் பித்தளை தெரிந்துவிடும். எங்களுடையதை வெற்றிட முறையில் அலுமினியம் பூசித் தந்த தம்பிகளுக்கு நன்றி. விரல் படாமல் பஞ்சில் சுற்றி, ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்கும்படி எழுதி ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

கணபதி லேத் பட்டறைக்கும் ஒரு பெரிய நன்றி. ரிம்மை இறுக்கும் திருகு, பழைய பிரிட்டிஷ் அளவான 2 பிஏ மரை. விட்டம் 4.7 மி.மீ. பார்வைக்கு இன்றைய மெட்ரிக் எம்5 திருகு போலவே இருக்கும், மரை இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எம்5-ஐ முறுக்கி ஏற்றினால் பித்தளை நட்டு வெடிக்கும். பட்டறையில் எட்டுத் திருகு கடைந்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்க மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் எல்லாம் பொருத்தியும் வெளிச்சம் மஞ்சளாக மங்கியது. கரூரில் பாடி கட்டும் வேலையில் முடி நரைத்த டின்கர் ஐயா, வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு எர்த்தைப் பாருங்கள் என்றார். முகப்புத் தகடு தேக்குச் சட்டத்தில் நிற்கிறது. சேசிஸோடு உலோகத் தொடர்பு கிடையாது. இரண்டு கிண்ணத்திலிருந்தும் 2.5 சதுர மி.மீ. வயரைச் சேசிஸுக்கு இழுத்து, பெயிண்டைச் சுரண்டி இறுக்கினோம். பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். ரிலே போடுகிறவர்கள், வண்டி பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேசிஸோடு இணைந்ததா) என்று முதலில் பாருங்கள்; டயோடு உள்ள ரிலேயைத் தலைகீழாகக் கொடுத்தால் டயோடு போய்விடும். லாரி டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் போடும்போது கிண்ணத்தின் அடித்துளையை அடைக்காதீர்கள், உள்ளே ஆவி கோக்கும்.

சமதளத்தில் சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி ஒளியைச் சரிசெய்ய, இரவு பதினொன்றுக்கு மில் வாசலைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் அண்ணனுக்கும் நன்றி. பிரைட்டின் நடுப்புள்ளி விளக்கு மையத்தின் உயரத்தில் நின்றது, டிம்மின் மேல்விளிம்பு அதற்கு 3 அங்குலம் கீழே.

மூன்றாவது ரிம் உபரியாக இருக்கிறது. அச்சுக் கட்டை அனுப்பர்பாளையத்துப் பட்டறையிலேயே இருக்கிறது. இதே வண்டி வைத்திருப்பவர்கள் தகட்டை மட்டும் கொண்டுபோனால் போதும், அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.