அள்ளிக் கொடுத்துவிட்டு அவதிப்பட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை விளையாட்டுகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்ததைப் படித்தேன். அவற்றில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றித் தமிழில் ஒரு பக்கம் வந்ததே சந்தோஷம். ஆனால் புதிதாக ஆட்டம் நடத்துபவர்களுக்கு அதில் ஒரு யோசனை இருந்தது: மாயப்பொருள்களைத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆட்டக்காரர்கள் பலசாலியாகிவிட்டால் அரக்கர்களின் பலத்தையும் ஏற்றிவிட்டால் போயிற்று என்று. அதை மட்டும் சும்மா விட முடியவில்லை, ஏனென்றால் அதை அப்படியே செய்து பார்த்து மாட்டிக்கொண்டவன் நான்.

எங்கள் குழுவில் நான்தான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்தி அரக்கர்களையும் ஆட்டுவிப்பவன். ஆடுவது 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு. போர்வீரன் ஒருவனுக்கு ஏசி 20 இருந்தது. (ஏசி என்றால் குளிரூட்டி இல்லை, ஆர்மர் கிளாஸ், எதிரியின் எண் அதைத் தொட்டால்தான் அடி விழும்.) பிளேட் கவசத்துக்கு 18, கேடயத்துக்கு 2. ஒவ்வொரு புதையலிலும் ஏதாவது வைக்க வேண்டுமே என்று +1 கவசம் கொடுத்தேன், அப்புறம் +1 கேடயம், அப்புறம் பாதுகாப்பு மோதிரம், கடைசியாகப் பாதுகாப்பு மேலங்கி. ஒவ்வொன்றும் ஒன்றுதானே கூட்டுகிறது என்ற நினைப்பு. ஏசி 24-க்குப் போய்விட்டது.

ஓகர் என்கிற முரட்டு ராட்சசன் அடிக்கும்போது 20 முகப் பகடையில் விழுவதோடு 6-ஐக் கூட்டிக்கொள்ளும். முன்பு 14 விழுந்தாலே வீரன்மேல் அடி, அதாவது 20 முகத்தில் 7 முகம். இப்போது 18 விழ வேண்டும், மூன்றே முகம். +1 என்றால் வெறும் 5 சதவீதம் என்று எல்லோரும் சொல்வோம், அது சரிதான், ஆனால் 15 முகத்தில் ஒன்று குறைவதும் 4 முகத்தில் ஒன்று குறைவதும் ஒன்றா? ஏற்கெனவே அடி படாதவனுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு +1-உம் முந்தையதைவிடப் பெரிதாகிக்கொண்டே போகும்.

சரி, அரக்கனை ஏற்றுவோம் என்று ஓகரின் 6-ஐ 10 ஆக்கினேன். வீரனுக்குப் பழையபடி 7 முகம் வந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் நிற்கும் மந்திரவாதியின் ஏசி 12. பழைய ஓகருக்கு அவளை அடிக்க 15 முகம் இருந்தது, புது ஓகருக்கு 19. பகடையில் 1 விழுந்தால்தான் அவள் தப்புவாள். அந்தக் கேரக்டரை ஆடியவர் மூன்று வாரம் தொடர்ந்து, சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தரையில் விழுந்து, மீதி நேரம் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீரனுக்கு நான் கொடுத்ததற்கெல்லாம் விலை கொடுத்தது அவர்தான். அரக்கர்களுக்கு என்ன நஷ்டம், அதுகளுக்கு வருத்தமா படப்போகிறது?

விதிகளில் தடுப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அட்யூன்மென்ட் என்று ஒன்று, ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைத்தான் தன்னோடு பிணைத்துக்கொள்ள முடியும். ஆனால் +1 கவசமும் +1 கேடயமும் அந்தக் கணக்கில் வராது. மோதிரமும் மேலங்கியும் இரண்டு, இன்னும் ஒரு இடம் காலி! 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் ஆட்டக்காரர்களிடம் இந்தக் கூடுதல்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தே அரக்கர்களின் எண்களை அமைத்திருந்தார்கள், கொடுக்காவிட்டால்தான் சிக்கல். ஐந்தாம் பதிப்பு நேர் எதிர், ஒரு மாயப்பொருளும் இல்லாமலே ஆட்டம் ஓடும்படி செய்திருக்கிறார்கள், அதனால் எதைக் கொடுத்தாலும் உபரிதான்.

எண்ணே இல்லாத பொருள்களும் ஆளைக் கவிழ்க்கும். பறக்கும் துடைப்பம் என்று ஒன்று. 2014 புத்தகத்தில் அதுவும் +1 வாளும் ஒரே 'அன்காமன்' (கொஞ்சம் அரிதானவை) வரிசையில்தான் இருக்கின்றன, அட்யூன்மென்ட்கூடத் தேவையில்லை, சுமார் 180 கிலோ வரை தூக்கும். துடைப்பக்கட்டைக்குப் பட்டுக்குஞ்சமா என்பார்கள், இதற்குத் தாராளமாகக் கட்டலாம். பள்ளத்தாக்கு, அறுந்து தொங்கும் கயிற்றுப் பாலம், அக்கரையில் வில்லோடு காத்திருக்கும் கொள்ளையர்கள் என்று இரண்டு மாலை உட்கார்ந்து ஒரு காட்சி தயார் செய்திருந்தேன். அவர்கள் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய், ஒவ்வொருவராகத் துடைப்பத்தில் உட்கார்ந்து அக்கரை சேர்ந்துவிட்டார்கள். பாலத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எல்லோரும் நன்றாகத்தான் சிரித்தோம், ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே விடை என்றால் எத்தனை தடவை சிரிப்பது.

எனக்குப் பிடித்தது ஓகர் பலக் கையுறை. போட்டுக்கொண்டால் பலம் 19 ஆகிவிடும், ஏற்கெனவே 19 இருப்பவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் பலசாலி அதைத் தொடமாட்டான், நோஞ்சானுக்குத்தான் போய்ச் சேரும். நான் இப்போது வைக்கும் புதையல்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான்.

கொடுத்ததைப் பிடுங்குவதற்கு ஒரு பழைய வழி உண்டு, ராத்திரி ஒரு திருடனை அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம், திருடன் யார் என்று மேசையில் எல்லோருக்கும் தெரியும். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மேலே எழுதிய அதே கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். வீரனை ஆடுபவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு தன் வீரனின் விவரங்கள் எழுதிய தாளில் மோதிரத்தையும் மேலங்கியையும் அடித்துவிட்டு மந்திரவாதியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். இப்போது வீரனுக்கு 22, அவளுக்கு 14. ஓகரைப் பழைய 6-க்கே இறக்கிவிட்டேன். வீரன்மேல் 5 முகம், அவள்மேல் 13 முகம். போன வாரம் சண்டை முடியும்வரை அவள் நின்றாள். துடைப்பம் மட்டும் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்