ஒரு ராப் பாடகனின் 12 வருட வழக்கு

அன்பு மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலி குறைந்ததில் சந்தோஷம். இங்கே மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். பேரன் இப்போது என் பொறுப்பு.

மகன் நாள் முழுக்க அமெரிக்க ராப் பாடகன் மீக் மில் பாட்டையே கேட்கிறான், ஜெயிலுக்குப் போய்வந்தவனெல்லாம் இவனுக்கு நாயகனா என்று புலம்பியிருந்தாய். அந்த மீக் மில் எதற்காக உள்ளே போனான் என்று பார்த்தாயா? காலமெல்லாம் கோர்ட்டில் குப்பை கொட்டியவன் நீ. உனக்குத்தான் இது புரியும்.

பென்சில்வேனியா மாநிலத்தின் வடக்கு ஃபிலடெல்ஃபியா பையன். 2007இல், 19 வயதில், துப்பாக்கி, போதைப்பொருள் வழக்கில் பிடிபட்டான். துப்பாக்கி வைத்திருந்ததைப் பின்னால் அவனே ஒப்புக்கொண்டான். போலீசாரை நோக்கி நீட்டினான் என்பதை மட்டும் மறுத்தான். சில மாதங்கள் சிறை, அதன்பின் பல வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. வினை அங்கேதான் தொடங்கியது. 2012இல் முதல் ஆல்பம் பேர் வாங்கியது, ஊர் ஊராகக் கச்சேரி. ஆனால் வெளியூர் போக அனுமதி வேண்டும், பிசகினால் கோர்ட். தொடக்கம் முதல் ஒரே நீதிபதி. 2013இல் அவனை நாகரிகம் பழகும் வகுப்புக்குப் போகச் சொல்லி உத்தரவே போட்டார்! 2014இல் மறுபடி சிறை, 2016இல் வீட்டுக்காவல்.

2017இல் நியூயார்க் தெருவில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டினான். ஒரு விமான நிலையத்தில் கைகலப்பு. இரண்டு வழக்கும் நிற்கவில்லை. போதைமருந்துச் சோதனையில் தவறியதும் பயண விதியை மீறியதும் சேர்ந்துகொண்டன. சிறை தேவையில்லை என்றார் அரசு வக்கீல். கண்காணிப்பு அதிகாரியும் அதையே சொன்னார். நீதிபதியோ 2 முதல் 4 வருடம் என்று தீட்டிவிட்டார். பிரபல ராப் பாடகர் ஜே-இசட் பத்திரிகையில் எழுதினார், ஊரே குரல் கொடுத்தது. 2018 ஏப்ரலில் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ஜாமீனில் விடச் சொன்னது. அன்றே ஹெலிகாப்டரில் கூடைப்பந்து அரங்குக்குப் போய், மணியடித்து ஆட்டத்தைத் தொடங்கிவைத்தான். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது. இப்படி உள்ளே கிடக்கும் எத்தனை பேருக்கு ஹெலிகாப்டர் வரும்?

கைது செய்த போலீஸ்காரரின் நம்பகத்தன்மையே கேள்விக்குள்ளானதால் 2019இல் தண்டனை ரத்தானது. துப்பாக்கி வைத்திருந்த சிறு குற்றத்தை மட்டும் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தான். 2023இல் ஆளுநரின் மன்னிப்பும் கிடைத்தது.

விடுதலையானதோடு அவன் பாட்டுக்குப் பாடிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. 2019இல் ஜே-இசட், தொழிலதிபர் மைக்கேல் ரூபின் முதலானோருடன் ரிஃபார்ம் அலையன்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினான். கையிலே 5 கோடி டாலர். கண்காணிப்புச் சட்டங்களை மாற்றுவதே வேலை. 2023 டிசம்பரில், அவன் பக்கத்தில் நிற்க, பென்சில்வேனியா ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். புதுக் குற்றம் எதுவும் செய்யாமல் வெறும் விதியை மீறியவருக்கு, சில விலக்குகள் நீங்கலாக, முதல் முறை 14 நாளுக்கு மேலும், அடுத்த முறை 30 நாளுக்கு மேலும் சிறை கூடாது. ஆனால் கண்காணிப்பு எத்தனை வருடம் நீளலாம் என்பதற்கு அதில் உச்சவரம்பு வைக்கவில்லை. அவனை வதைத்தது அந்த நீளம்தானே? பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள் என்பேன்.

நம் கோர்ட்டில் நன்னடத்தையில் விடப்பட்டவன் பிசகினால் அதே நீதிபதியிடம்தான் போக வேண்டுமா? விவரமாக எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சித்திரையில் ஊருக்கு வருகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்