ஞாயிறு பயணம்: கூடாரம் அரியமானிலேயே இருக்கும்

வணக்கம் உறவுகளே. ஞாயிறு காலை 6.30க்கு வேன் கிளம்பும். அரியமான் கடற்கரையில் போட்ட கூடாரத்தைப் பிரிக்க வேண்டாம். ஆனால் மணலில் அடித்த ஆணி கடல்காற்றுக்கு நிற்காது. கயிற்று நுனியில் மணல் நிரப்பிய சாக்கைக் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டு வாருங்கள். தின்பண்டம் எதையும் உள்ளே விடாதீர்கள். நாய்க்கு ஜிப் திறக்கத் தெரியாது, துணியைக் கிழிக்கத் தெரியும்.

முதலில் உத்தரகோசமங்கை சிவன் கோயில், அடுத்து திருப்புல்லாணி பெருமாள் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால்தான் காலையில் மட்டும் இந்த அவசரம். உத்தரகோசமங்கை மரகத நடராஜர் சந்தனக்காப்பில்தான் இருப்பார். வழக்கமாக ஆருத்ரா தரிசனத்தையொட்டித்தான் அதைக் களைவார்கள். குருக்களிடம் போய் யாரும் குறைபட வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கீழக்கரை. லுஹர் (நண்பகல்) தொழுகை முடிந்ததும், அனுமதி கேட்டுப் பழைய ஜும்மா பள்ளிவாசலைப் பார்க்கலாம். கல்தூண்களை நின்று கவனியுங்கள்: வேலைப்பாடு கோயில் மண்டபத் தூண் மாதிரியே இருக்கும், ஆனால் உருவங்கள் இருக்காது, பூவும் கொடியும்தான். கை, கால் மூடிய உடை அவசியம்.

தொதல் (கீழக்கரை இனிப்பு) வாங்குவோர் மூடி இறுகிய டப்பா கொண்டு வரவும். தேங்காய்ப்பால் எண்ணெய் காகிதத்தில் ஊறி வழியும். கரையோரக் கிணறுகள் பலவும் உப்பு, ஆகவே ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர். வெள்ளி இரவுக்குள் பெயர் கொடுங்கள்.